நடுவில் நிற்பவர்

தொழிற்சங்க ஊழல் என்றதும் நம் கதைகளிலும் திரைப்படங்களிலும் பெரும்பாலும் ஒரே காட்சிதான் தோன்றும். இரவு நேரம்; முதலாளியின் மாளிகை; மேசைமேல் ஒரு பெட்டி. பகலெல்லாம் மேடையில் முழங்கிய தலைவர் அதனைப் பெற்றுக்கொண்டு பின்வாசல் வழியே வெளியேறுவார். பின்னர் நாயகன் அவரை அம்பலப்படுத்துவான். தொழிலாளர் அவன் பின்னே அணிவகுப்பர். பெட்டி வாங்கியவர் எவருமே இலர் என்று நாம் வாதிட வரவில்லை. பெட்டி எதுவும் கைமாறாமலே ஒரு சங்கம் தன் உறுப்பினரைக் கைவிடக் கூடுமா என்னும் வினா எழாதவாறு இக்காட்சி தடுத்துவிடுகிறது என்பதே நம் குறை.

அவ்வினாவை எழுப்பிய நாடகமொன்று நூறாண்டுக்கு முன்பே தோன்றிவிட்டது. ஜான் கால்சுவொர்த்தியின் 'ஸ்ட்ரைஃப்' 1909ஆம் ஆண்டில் இலண்டனில் மேடையேறியது. 'பூசல்' என்று நாம் அதனைத் தமிழில் வழங்கலாம். நம்மில் சிலர் கல்லூரியில் பாடமாகப் படித்து, தேர்வு முடிந்ததும் மறந்த நாடகம் அது. மும்பையில் நெடுங்காலம் வாழ்ந்துவிட்டு மீண்டும் அதனைப் படிக்கும்போது, ஆசிரியர் நமக்குச் சுட்டிக்காட்டிய இடமல்லாத வேறோர் இடத்தில் நம் கண் சென்று நிற்கிறது.

இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் எல்லையில் ஒரு தகரத் தகட்டுத் தொழிற்சாலை. குளிர்காலம் முழுவதும் அங்கே வேலைநிறுத்தம் நடக்கிறது. நிறுவனத்தின் தலைவர் முதியவர் ஆந்தனி. முப்பத்திரண்டு ஆண்டுகளாக அப்பதவியில் இருப்பவர். தொழிலாளரோடு நான்கு முறை போரிட்டு ஒரு முறையேனும் தோலாதவர். எதிரே நிற்பவன் ராபர்ட்ஸ். அவன் கண்டுபிடித்த செய்முறை ஒன்றால் நிறுவனம் ஓரிலட்சம் பவுன் ஈட்டியது; அவனுக்குக் கிடைத்ததோ எழுநூறு. இருவரும் வளையாதவர். இந்த இரு மலைகளின் மோதலே நாடகம் என்று வகுப்பறையில் நமக்குச் சொன்னார்கள். 'இருவர் பிடிவாதமும் கேடே' என்று விடையெழுதி மதிப்பெண்ணும் பெற்றோம்.

ஆனால், நாடகத்தில் மூன்றாமவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஹார்னெஸ், மைய தொழிற்சங்கத்தின் அலுவலர். பொறிவினைஞரும் உலைத் தொழிலாளரும் கேட்கும் கூலி பிற இடங்களின் விகிதத்தினும் மிகுதி என்பதால், சங்கம் இவ்வேலைநிறுத்தத்துக்குத் தன் ஆதரவை விலக்கிக்கொண்டது. அவ்விரு கோரிக்கைகளையும் விட்டுவிட்டால் துணைநிற்போம் என்கிறது. ஹார்னெஸ் நல்லவர். காசு வாங்குபவரல்லர்; முதலாளிகளிடமும் முகத்துக்கு நேரே பேசுபவர். இறுதியில் வெல்பவரும் அவரே. இயக்குநர் குழு ஆந்தனியை வாக்கால் வீழ்த்துகிறது. தொழிலாளர் ராபர்ட்ஸைக் கைவிடுகின்றனர். உடன்பாடு கையெழுத்தாகிறது. அப்போதுதான் நிறுவனச் செயலர் டெஞ்ச் ஒன்றைக் கவனித்துச் சொல்கிறார். இந்த உடன்படிக்கை, போராட்டம் தொடங்குமுன் தாமும் ஹார்னெஸும் சேர்ந்து எழுதி இரு தரப்பாரிடமும் நீட்டிய அதே படிவமே. அதற்கு ஹார்னெஸ் தரும் மறுமொழி ஒரு கசந்த வேடிக்கைப் பேச்சு; அத்துடன் திரை விழுகிறது.

இடையில் நிகழ்ந்தது என்ன? ராபர்ட்ஸின் மனைவி அன்னி, போதிய நெருப்பில்லாத வீட்டில், நலிந்த நெஞ்சோடு இறந்துபோனாள். ஒரு காலத்தில் அவள் ஆந்தனியின் மகளுக்குப் பணிப்பெண்ணாக இருந்தவள். அம்மகள் நீட்டிய உதவியை ஏற்காமலே இறந்தாள்.

கால்சுவொர்த்தி சட்டம் பயின்றவர். அவருடைய நாடகங்களில் நீதிமன்றத் தராசு எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். இத்தட்டில் ஒரு சொல் வைத்தால் அத்தட்டிலும் ஒன்று வைப்பார். இங்கே அந்த நடுவுநிலைமை நமக்கு உறுத்தலாகவே படுகிறது. ஆந்தனி இழந்தது பதவியை. ராபர்ட்ஸ் இழந்தது மனைவியை. இரண்டையும் சம எடையாக்கி, தோற்ற இருவரையும் ஒருவர்க்கொருவர் தலைவணங்க வைப்பது மேடைக்கு அழகு, உண்மைக்கு அன்று. அதனினும் பெருங்குறை, ஹார்னெஸை ஒரு வேடிக்கைப் பேச்சோடு விட்டுவிட்டது. ஊரிலுள்ள பெண்கள் அடுப்பெரிக்க வழியின்றிக் கிடந்த மாதங்களில் சங்கத்தின் நிதி எங்கே இருந்தது, யாருக்காக இருந்தது என்று ஒரு பாத்திரமேனும் அவரை நிறுத்திக் கேட்டிருக்கலாம். அவர் பொய்யரல்லர். தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவே ஓர் இருக்கை உண்டு; அவ்விருக்கையைக் காப்பதே அவர் தொழிலாகிவிட்டது. கையூட்டினும் நுண்ணிய கேடு இது. எந்த வழக்கு மன்றத்திலும் மெய்ப்பிக்க இயலாதது.

இந்நாடகம் மேடையேறுவதற்கு ஓராண்டு முன்னர், 1908இல், தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா ஆகியோர் துணையோடு வேலைநிறுத்தம் செய்து வென்றனர். அங்கே நடுவில் இருக்கை எதுவும் இல்லை, சங்கமே இல்லை. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபின்தான் அவ்விருக்கை உருவாயிற்று. அதன் தலைவர் வாடியாவின்மீது பின்னி நிறுவனம் தொடுத்த வழக்கு, அவர் சங்கத்தை விட்டு விலகுவதோடு முடிந்தது. 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு அவ்வழக்கும் ஒரு தூண்டுகோல். தொழிலாளரின் தலைவர் யார் என்பதை ஆலையின் வழக்குரைஞரும் சேர்ந்து முடிவுசெய்தனர் என்பது அன்றே தெரிந்துவிட்ட செய்தி.

நம் மும்பைக்கு வருவோம். இங்கே ஹார்னெஸின் இருக்கையைச் சட்டமே செய்து கொடுத்தது. 1946ஆம் ஆண்டின் பம்பாய்த் தொழில் உறவுச் சட்டத்தின்படி, ஒரு வட்டாரத்தில் ஒரு தொழிலுக்கு ஒரே பிரதிநிதிச் சங்கம். அதனைத் தீர்மானிப்பது உறுப்பினர் பதிவேடு. தொழிலாளரின் மறைவாக்கெடுப்பு அன்று. பஞ்சாலைகளில் அத்தகுதி ராஷ்டிரிய மில் மஜ்தூர் சங்கத்துக்கு வாய்த்தது. 1981இன் இறுதியில், போனஸ் பூசலையொட்டி, அச்சங்கத்தில் நம்பிக்கையிழந்த தொழிலாளர் மருத்துவர் தத்தா சாமந்தை நாடினர். 1982 சனவரி 18ஆம் நாள் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் வேலையை நிறுத்தினர். ஊதிய உயர்வு, 'பத்லி' எனப்படும் பதிலித் தொழிலாளர்க்கு நிலைப்பணி என்பனவற்றோடு, அந்தப் பிரதிநிதித் தகுதியை நீக்க வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. இரண்டரை இலட்சம் பேரின் தலைவரோடு பேசச் சட்டத்தில் இடமில்லை என்றனர். பேச இடமிருந்த சங்கத்தைத் தொழிலாளர் ஏற்கவில்லை.

சாமந்திடம் ராபர்ட்ஸின் உறுதி இருந்தது. ராபர்ட்ஸின் குறையும் இருந்தது. பலர் கொங்கணத்துக்கும் சாத்தாராவுக்கும் திரும்பி நிலத்தை நம்பிக் காத்திருந்தனர். போராட்டம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. ஓரிலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலையிழந்தனர். சாமந்த் 1997இல் சுட்டுக் கொல்லப்பட்டார். லோயர் பரேலில் ஆலை நின்ற இடத்தில் இன்று கடைவளாகம் நிற்கிறது. புகைபோக்கி சில இடங்களில் அலங்காரத்துக்காக விடப்பட்டுள்ளது. ஒரு சங்கம் தொழிலாளரைக் கேளாமலே அவர்கள் பெயரால் பேசியது; மற்றொன்று போதும் என்று சொல்ல அவர்களுக்கு வாய்ப்பே தரவில்லை. இவற்றுள் எது பெரிய துரோகம் என்று வரிசைப்படுத்த நம்மால் இயலவில்லை.

அப்படியானால் சங்கமே வேண்டாவா? அவ்வாறு கேட்பவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளம் தவறாத நம்மனோரே. சங்கமில்லாத ஒப்பந்தத் தொழிலாளியிடம் யாரும் அவ்வினாவைக் கேட்பதில்லை.

தமிழ் நாவல் இவ்விடத்தில் நமக்குப் போதிய துணை தரவில்லை என்றே சொல்ல வேண்டும். ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' தொடங்கி டி. செல்வராஜின் 'தோல்' வரை, தொழிலாளர் ஒன்றுதிரளும் கதையை நம்மவர் உயிர்ப்போடு எழுதியுள்ளனர். திரண்டபின், சங்கத்துக்கு ஒரு கட்டடம் எழும்பி, அதில் ஒரு தொலைபேசியும் வந்தபின் நிகழ்வதை எழுதியோர் மிகக் குறைவு. ஜெயமோகனின் 'பின்தொடரும் நிழலின் குரல்' ஒரு தொழிற்சங்கத் தலைவனை நாயகனாக்கியது. ஆயினும் அதன் நாட்டம் விரைவில் சோவியத் வரலாற்றின்பால் சென்றுவிடுகிறது. சங்க அலுவலகத்தின் அன்றாடம் அங்கும் முழுமையாக இல்லை.

கால்சுவொர்த்தியிடம் அதற்கொரு தொடக்கம் உண்டு. அது இரண்டாம் அங்கத்தின் திறந்தவெளிக் கூட்டம். ராபர்ட்ஸ் பேசுகிறான், கூட்டம் அவன் பக்கம் சாய்கிறது. அவ்வேளையில் ஒரு பெண் வந்து அவன் மனைவியைப் பற்றிய செய்தியைச் சொல்கிறாள். அவன் இறங்கிப் போகிறான். அவன் முதுகு மறைந்ததும், சற்றுமுன் அவனை ஆதரித்த இளைஞனே மாற்றிப் பேச, கூட்டம் ஹார்னெஸின் பக்கம் திரும்புகிறது. மூன்று அங்கங்களிலும் தொழிலாளர் தாமே முடிவெடுக்கும் இடம் இது ஒன்றுதான். அங்கும் அவர்கள் யாரோ ஒருவருடைய பேச்சுக்குத்தான் கைதூக்குகிறார்கள்.