கணக்கில் வராத பிள்ளை

குழந்தை இறந்தால், எதனால் இறந்தது என்று எழுத கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டில் ஒரு கட்டம் உண்டு. நிமோனியா, வயிற்றுப்போக்கு, எடைக்குறைவு என்று எழுதுவார்கள். 1990களில் தருமபுரி, சேலம், மதுரை வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்னொரு காரணமும் அந்தக் கட்டத்தில் ஏறியது: ‘சமூகக் காரணங்கள்’. ஆண் குழந்தைக்கு வராத நோய் அது. எருக்கம்பால், தொண்டையில் போட்ட நெல், முகத்தில் மூடிய ஈரத்துணி, பால் கொடுக்காமல் விட்ட இரண்டு நாள், எல்லாமே அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கின. கொலை என்று எழுதினால் செவிலியர் ஊருக்குள் மறுபடி கால் வைக்க முடியாது. பொய்யாக எழுதவும் மனம் வராது. இரண்டுக்கும் நடுவே அரசாங்க மொழி கண்டுபிடித்த சந்து அது.

அந்தச் சந்து வழியாகத்தான் ஆய்வும் உள்ளே போனது. அன்று தமிழக சுகாதாரத் துறையில் பணியாற்றிய ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத், பொருளியலாளர் வெங்கடேஷ் ஆத்ரேயா இருவரும் இந்தப் பதிவேடுகளைத் திரட்டி 1997இல் ‘எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி’யில் ஒரு கட்டுரை எழுதினார்கள். 1986இல் ‘இந்தியா டுடே’ அட்டைக் கட்டுரை வந்த நாளிலிருந்து பெண் சிசுக்கொலை என்றால் உசிலம்பட்டி என்றே நாடு நினைத்திருந்தது. 1994இல் பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ படமும் அந்தப் பக்கத்து மண்ணைத்தான் காட்டியது. பதிவேடுகளோ மதுரையிலிருந்து வடக்கே சேலம், தருமபுரி வழியாக நீளும் ஒரு பட்டையைக் காட்டின. ஒரு சாதியின், ஒரு ஊரின் பழக்கம் என்று ஒதுக்கித் தள்ளும் வசதி அதோடு போயிற்று.

அரசு முதலில் கொடுத்தது தொட்டில். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தருமபுரிக்கும் வந்தது. கொல்லாதே, என்னிடம் கொடுத்துவிடு என்பது அதன் சாரம். ஒரு விதத்தில் பார்த்தால், பெண் பிள்ளை வேண்டாத சுமைதான் என்று அரசே ஒப்புக்கொண்ட மாதிரியும் ஆகிறது. இதைவிட எனக்குப் பிடித்தது, அவ்வளவாகப் பேசப்படாத கலைப்பயணம். 1997 முதல் 1999 வரை தருமபுரி மாவட்டத்தில் உள்ளூர் இளைஞர்களையும் பெண்களையும் பழக்கி ஊர் ஊராக வீதி நாடகம் போட அனுப்பினார்கள். வரதட்சணை, மாமியார், மாமன் சீர், காதுகுத்துச் செலவு என்று வீட்டுக் கணக்கைத் தெருவில் வைத்துப் பேசிய நாடகங்கள். பதிவேட்டில் அந்த இறப்புகள் குறைந்ததாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். குறைந்தது உண்மைதான். அதே ஆண்டுகளில் தருமபுரிச் சாலையில் ஸ்கேன் சென்டர் பலகைகளும் ஏறிக்கொண்டிருந்தன. எது எதனால் குறைந்தது என்று பிரித்துச் சொல்வது இந்தத் துறையின் தீராத தலைவலி.

ஸ்கேன் கருவியின் பூர்வீகம் ஆஸ்பத்திரி அல்ல. 1950களில் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு என்ற மகப்பேறு மருத்துவர், பாய்லர் தகட்டிலும் வெல்டிங்கிலும் வெடிப்புத் தேடும் ஒலிக்கருவியைப் பார்த்தார். இரும்புக்குள் இருக்கும் பழுதைக் காட்டுவது வயிற்றுக்குள் இருக்கும் கட்டியைக் காட்டாதா என்று கேட்டார். 1958இல் ‘லான்செட்’ இதழில் அவரும் கூட்டாளிகளும் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைய ஐந்தாம் மாத ஸ்கேன் வரை எல்லாம் கிளைத்தது. பழுது தேடப் பிறந்த கருவி நம் ஊருக்கு வந்து எதைப் பழுது என்று காட்டியது என்பதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்கு முன்பும் ஊரில் ஜோசியம் இருந்தது. வயிறு கூர்மையாக இருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். வலப்பக்கம் அசைந்தால் ஒன்று, இடப்பக்கம் அசைந்தால் இன்னொன்று. பாட்டிமார் பாதி விளையாட்டாகச் சொன்னவை, பாதி தப்பின. தப்பும் என்று தெரிந்ததால் ஒன்பது மாதம் முடியும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பிள்ளை பிறந்த பிறகுதான் முடிவு. அந்த முடிவில் மாமியாரின் கை இருந்தது, மருத்துவச்சியின் கை இருந்தது, அழுகைச் சத்தம் இருந்தது. அக்கம்பக்கம் கேட்டது. அதனால்தான் செவிலியரால் எழுத முடிந்தது.

ஸ்கேன் மாற்றியது இந்த நேரத்தை. ஆண் பிள்ளை ஆசையை எந்த இயந்திரமும் இங்கே கொண்டுவரவில்லை. அது ஏற்கெனவே இருந்தது. முடிவு எடுக்கும் நாளையும் இடத்தையும்தான் இயந்திரம் மாற்றியது. தாழ்வாரத்து ஓலைப்பாயிலிருந்து மங்கலான அறைக்கு, ஜெல் தடவிய வயிற்றுக்கு, கறுப்பு வெள்ளைத் திரைக்கு. அங்கே அழுகை இல்லை. கைகள் இல்லை, ஒரு விரல் திரையைக் காட்டினால் போதும். பதிவேட்டில் ‘சமூகக் காரணங்கள்’ என்று எழுதக்கூட யாரும் பிறக்கவில்லை.

இந்தத் திரையைப் பற்றி மேற்கில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். ரோசாலிண்ட் பெட்செஸ்கி 1987இல் எழுதிய கட்டுரையில், கருவின் படம் தாயின் உடம்பைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளிவிட்டு, கரு தனியே மிதப்பதாகக் காட்டுகிறது என்றார். ஜெர்மானிய வரலாற்றாசிரியர் பார்பரா டூடன், பிள்ளை அசைவதைத் தாயே முதலில் உணர்ந்து சொன்ன அறிவின் இடத்தைத் திரை பிடித்துக்கொண்டது என்றார். அங்கே அவர்கள் பயந்தது கருவுக்குத் தாயைவிட உரிமை அதிகமாகிவிடுமோ என்று. இங்கே நடந்தது தலைகீழ். திரையில் தெரிந்த பிள்ளைக்கும் உரிமையில்லை, படுத்திருந்தவளுக்கும் இல்லை. உரிமை அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. தமிழ்நாட்டுப் பிரசவ அறைகளைப் பற்றி செசிலியா வான் ஹாலன் 2003இல் எழுதிய புத்தகம் இதற்கு நெருக்கமானது. வலி ஊசிக்கும், கேட்காமலே போடப்பட்ட காப்பர்-டிக்கும் நடுவே நம் பெண்கள் நவீனத்தை எப்படி வாங்கிக்கொண்டார்கள், எப்படித் தாங்கிக்கொண்டார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர் அவர்.

காரணம் என்ன என்பதில் ஆய்வாளர்களுக்குள் வழக்கு தீரவில்லை. பார்பரா ஹாரிஸ்-ஒயிட், வளர்ச்சி பெருகும்போதே பெண்ணின் உயிர் வாய்ப்பு குறைகிற தமிழ்நாட்டு முரணைப் பற்றி எழுதினார். சாரதா ஸ்ரீனிவாசனின் ‘டாட்டர் டெஃபிசிட்’ (2012) கிராமங்களுக்குள் போய் வரதட்சணை, சிறு குடும்பம், சொத்து மூன்றும் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்று காட்டியது. எனக்குச் சிறு குடும்பம் என்ற காரணமே கனமாகப் படுகிறது. ஐந்து பிள்ளை பெற்ற காலத்தில் மூன்று பெண் இருந்தாலும் ஒரு பையன் வந்துவிடுவான் என்ற நம்பிக்கைக்கு இடமிருந்தது. இரண்டோடு நிறுத்து என்ற சுவர் விளம்பரம் வெற்றி பெற்ற மாநிலத்தில், முதலாவது பெண் என்றால் இரண்டாவதின் மேல் பாரம் முழுக்க இறங்குகிறது. குடும்பக் கட்டுப்பாட்டுத் துறையின் சாதனையும் ஸ்கேன் சென்டரின் வியாபாரமும் ஒரே வீட்டில் சந்தித்த கதை இது.

கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது, 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது, 2003இல் திருத்தப்பட்டது. அதன் வினோதம், அது இயந்திரத்தைத் தடுக்கவில்லை; வாயைத் தடுத்தது. பார்க்கலாம், சொல்லக்கூடாது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் படிவம் நிரப்ப வேண்டும், ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது என்று பலகை வைக்க வேண்டும். ஒரு பலகையை நம்பி ஒரு ரகசியத்தைப் பூட்டிவைத்த நாடு நம்முடையது. சொல்லாமல் சொல்ல எத்தனை வழி! புன்னகை, மௌனம், இனிப்புப் பெட்டி. கருவி கைப்பெட்டி அளவுக்குச் சுருங்கிய பின் பலகையே தேவையில்லாமல் போயிற்று. தருமபுரியிலும் அண்டை மாவட்டங்களிலும் மருத்துவப் படிப்பே இல்லாதவர்கள் வாடகை வீட்டில் ஸ்கேன் வைத்துப் பிடிபட்ட செய்தி அடிக்கடி வருகிறது. 2023 இறுதியில் கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்தில் ஒரு வெல்ல ஆலையிலேயே ஸ்கேன் நடந்தது வெளிவந்தது. கரும்பும் வெல்ல ஆலையும் நம் பாலக்கோட்டுப் பக்கத்துக்குப் புதிதா என்ன!

திரைக்கும் தெரியாத உடம்புகள் உண்டு. ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்தில் அடங்காத உறுப்புகளோடு பிறக்கும் குழந்தைகளை அறுவை சிகிச்சையால் ஏதோ ஒரு கட்டத்துக்குள் அடைப்பது நெடுநாள் வழக்கம். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் அதைத் தடுக்கச் சொன்னது. அதே ஆண்டு தமிழக அரசு ஆணையும் பிறப்பித்தது. பெண் என்று தெரிந்தால் அழிக்கும் கத்தியும், தெளிவாகத் தெரியவில்லை என்று திருத்தும் கத்தியும் ஒரே பட்டறையில் தீட்டியவை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிக்கிற ஆய்வு தமிழில் மிகக் குறைவு.

தருமபுரிக்காரரின் உடம்பில் இன்னொரு இயந்திரத்தின் கையெழுத்தும் உண்டு: போர்வெல் லாரி. மழை குறைந்த இந்தப் பாறை மண்ணில் திருச்செங்கோட்டு வண்டிகள் துளை போட்டுத் தண்ணீர் கொடுத்தன. பாறைக்குள் தங்கிய நீரில் ஃபுளோரைடும் வந்தது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தாண்டக்கூடாது, தாண்டியது. பல் முளைக்கும் வயதில் குடித்த பிள்ளைகளுக்குப் பழுப்புக் கறை நிரந்தரம். ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கும்வரை ஒரு தலைமுறையே அதைக் குடித்தது. கறைப்பல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான். பெண் பார்க்க வரும்போது சிரிக்காமல் உட்காரச் சொன்னது பெண்ணைத்தான். போர்வெல் பல்லில் கறை போட்டது, அதைப் பார்க்கலாம், எண்ணலாம், திட்டம் கேட்டு மனுக் கொடுக்கலாம். ஸ்கேன் விட்டுப்போன தடம் ஒரு எண்ணில் மட்டும் இருக்கிறது: 2011 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குத் தருமபுரியில் 913 பெண் குழந்தைகள். மாநில அளவில் 943.

அந்த எண் இப்போது வளர்ந்து கல்யாண வயதை நெருங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் பிறந்தவர்கள் ஏற்கெனவே தரகர் வீட்டு வாசலில் நிற்கிறார்கள். மேற்கு மாவட்டங்களில் பெண் கிடைக்காமல் பாலக்காட்டுப் பக்கம் போய்ப் பெண் எடுப்பதைச் சாரதா ஸ்ரீனிவாசனே பிறகு ஆராய்ந்திருக்கிறார். தரகரிடம் இப்போது நோட்டும் இருக்கிறது, வாட்ஸாப்பும் இருக்கிறது. நோட்டில் ‘மாப்பிள்ளை’ என்ற பக்கம் நிரம்பி அட்டைவரை போய்விட்டது. ‘பெண்’ என்ற பக்கத்தில் பாதிக்கு மேல் வெற்றுத்தாள்.