வரிசை தெரிந்தது, வேலை தெரியவில்லை

சேலம், நாமக்கல் பக்கம் கடல் கிடையாது. பார்மசி கல்லூரிகள் உண்டு. அங்கு படிக்கும் பிள்ளைகள் கடல் தந்த மருந்து என்றதும் சிக்கோனோடைடைத்தான் சொல்வார்கள். கோனஸ் மேகஸ் என்ற கூம்பு நத்தை மீனை முடக்கப் பாய்ச்சும் நஞ்சில் இருந்த பெப்டைடு அது. 25 அமினோ அமிலங்கள். பால்டோமெரோ ஒலிவெராவின் யூட்டா ஆய்வகத்தில் கண்டறியப்பட்டு, 2004 டிசம்பரில் வலி மருந்தாக அமெரிக்க அனுமதி பெற்றது. மார்ஃபின் போல உடல் அதற்குப் பழகிப்போவதில்லை.

ஆனால் அதைத் தண்டுவடத் திரவத்துக்குள் குழாய் வைத்துத்தான் செலுத்த வேண்டும். மனக்குழப்பம், மாயத்தோற்றம் வரலாம். புற்றுநோய் வலியில் துடிக்கும் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் வீட்டுக்கு அந்தச் சிகிச்சை எட்டாது. நத்தை நஞ்சு ஆய்வை மருந்துக் கணக்கில் மட்டும் எடைபோட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

அதன் உண்மையான பலம் வேறு. ஓசூரைத் தாண்டினால் வரும் பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் கழகத்தின் பி. பலராமும் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கே.எஸ். கிருஷ்ணனும் சேர்ந்த குழு, நம் கடற்கரையில் கிடைக்கும் கோனஸ் அமாடிஸ் நத்தையின் நஞ்சை ஆராய்ந்து 2003இல் ஒரு பெப்டைடை வெளியிட்டது. பெயர் ஏஎம்2766, அந்த எண் அதன் மூலக்கூறு எடை. நிறை நிறமாலைமானியில் எடைபோட்டு, துண்டாக்கி, 26 அமினோ அமிலங்களையும் வரிசைப்படுத்தினார்கள். அதோடு நிறுத்தவில்லை. நரம்பின் சோடியக் கால்வாய் உரிய நேரத்தில் அடைபடுவதை அது தாமதப்படுத்துகிறது என்றும் சோதித்துக் காட்டினார்கள். நரம்பில் எந்தக் கதவு எப்போது மூடுகிறது என்று கேட்க இவ்வளவு நுட்பமான கருவி வேதியியலாளர் கையில் எளிதில் அமையாது.

வேலையைச் சோதிக்கும் அந்த இரண்டாம் படிதான் இப்போது அரிதாகிவிட்டது. ஒரே நத்தையின் நஞ்சுக்குழாய் ஆர்.என்.ஏ.விலிருந்து நூற்றுக்கணக்கான வரிசைகள் கிடைக்கின்றன. அவற்றில் வேலை தெரிந்தவை மிகச் சில. கணினியில் பொருத்திப் பார்த்ததையே கண்டுபிடிப்பு என்று எழுதிவிடும் ஆசையும் பெருகுகிறது. இதை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன்.

நஞ்சு எடுக்கும் முறையிலும் சிக்கல் இருக்கிறது. நத்தையை அறுத்துக் குழாயைப் பிழிந்தால் எல்லாம் கலந்துவிடும். கோனஸ் ஜியோகிராபஸ் இரை பிடிக்க ஒரு நஞ்சும் தற்காப்புக்கு வேறொன்றும் குழாயின் வெவ்வேறு பகுதிகளிலிருந்து விடுகிறது என்று 2014இல் தெரிந்தது. மீன் தின்னும் நத்தையை உயிரோடு வைத்து, மீனைக் காட்டி நஞ்சு கறக்கலாம், நத்தை சாகாது. ஆனால் அமாடிஸ் மீன் தின்னாது, சக நத்தைகளைத் தின்பது. அதைக் கொட்டவைக்க என்ன இரை, எப்படிக் காட்டுவது என்பதை யாராவது தொட்டியருகே உட்கார்ந்து பழகித்தான் ஆக வேண்டும்.