கடன் கேட்கும் பூமிக்காரன்

ஆயிரம் தங்கப் பாளங்கள் குவிந்து கிடக்கின்றன. மதுக்கடைக்காரர் குவார்க் ஒன்றை எடுத்து நொறுக்குகிறார். உள்ளே எதுவுமில்லை. வெறும் தங்கம், எதற்கும் உதவாத தங்கம் என்று புலம்புகிறார். 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 1998இல் வந்த காட்சி இது. என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரச் சற்று நேரமாயிற்று. நான் முதுகலை படிக்க விமானம் ஏறியபோது அம்மாவின் வளையல்கள் அடகில் இருந்தன.

அந்த உலகில் மதிப்புள்ளது லாட்டினம் என்ற திரவம். உணவு, உடை, தங்கம் என்று கேட்டதையெல்லாம் செய்து தரும் இயந்திரத்தால் அதை மட்டும் உருவாக்க முடியாது. அதனால்தான் அது பணம். திரவத்தைக் கையில் கொண்டு திரிய முடியாதே, எனவே தங்கத்துக்குள் அடைக்கிறார்கள். தங்கம் வெறும் உறை. மோர்ன் என்ற வாடிக்கையாளர் லாட்டினத்தை உறிஞ்சித் தன் இரண்டாவது வயிற்றில் பதுக்கிவைத்து, அதனாலேயே தலைமுடியையும் இழந்திருக்கிறார். (குவார்க்கின் இனத்தவரான ஃபெரெங்கிகள் 1987இல் முதன்முதலாகத் திரையில் வந்தபோது பூமிக்காரர்களின் தங்கச் சின்னங்களுக்கு ஆசைப்பட்டார்கள். கதாசிரியர்கள் பிறகு மனம் மாறியிருக்க வேண்டும்.)

பூமிக்காரர்களிடம் பணமே இல்லை. 1996இல் வந்த திரைப்படத்தில் கேப்டன் பிக்கார்ட் இதைப் பெருமையோடு சொல்கிறார். லாட்டினம் பேராசைக்காரர்களின் சங்கதி, நாம் அதைக் கடந்துவிட்டோம் என்பதுதான் தொடரின் பொதுத் தொனி. எனக்கு இந்தத் தொனியோடு பல வருடச் சண்டை.

1997இல் வந்த 'இன் தி கார்ட்ஸ்' அத்தியாயத்தைப் பாருங்கள். போர் நெருங்கும் கவலையில் இருக்கும் தந்தையை மகிழ்விக்க, ஜேக் ஒரு பழைய பேஸ்பால் அட்டையை ஏலத்தில் எடுக்க விரும்புகிறான். கையில் காசில்லை. ஃபெரெங்கி நண்பன் நோக்கிடம் அவனுடைய சேமிப்பு முழுவதையும் கேட்கிறான். உங்களுக்குத்தான் பணம் தேவையில்லையே, பிறகு என்னுடையது எதற்கு என்று நோக் மடக்குகிறான். ஜேக்கிடம் பதில் இல்லை. ஆனாலும் ஏலத்தில் கூவப்படுவது நோக்கின் பணம்தான். ஏலம் கைநழுவிப் போகிறது என்பது வேறு கதை. வசனம் நகைச்சுவைக்காக எழுதப்பட்டது. தொடர் முழுவதிலும் இதைவிடக் கூர்மையான கேள்வி எனக்குத் தென்படவில்லை.

இதே நோக், 1995இல் 'ஹார்ட் ஆஃப் ஸ்டோன்' அத்தியாயத்தில், விண்படைப் பள்ளியில் சேரப் பரிந்துரை கேட்டு ஜேக்கின் தந்தையான தளபதி சிஸ்கோவிடம் போகிறான். கையில் லாட்டினப் பை. அவனுக்குத் தெரிந்த ஒரே கதவு திறக்கும் முறை அது. நமக்கும் தெரிந்த முறைதான், ஒளிப்பானேன். சிஸ்கோ நம்பவில்லை. சரக்கறையைக் கணக்கெடுக்கச் சொல்லிச் சோதிக்கிறார். நோக் சீக்கிரமாகவும் சுத்தமாகவும் முடிக்கிறான், ஒன்றும் திருடவில்லை. பிறகு சிஸ்கோ அவனை வற்புறுத்திக் காரணம் கேட்கும்போது உடைந்துபோகிறான். இயந்திர நுட்பத்தில் மேதையான தன் தந்தை ரோம், வாய்ப்புக் கிடைக்காமல், வராத வியாபாரத்தோடு மல்லுக்கட்டி வீணாய்ப் போனதைச் சொல்கிறான். அந்த இரண்டு நிமிடங்களுக்காக இத்தொடரின் பல அசட்டு அத்தியாயங்களை மன்னித்துவிடலாம்.

லாட்டினத்தைப் பேராசையின் அடையாளமாக மட்டும் வாசிக்கும் விமர்சகர்களோடு நான் உடன்படாதது இங்கேதான். உள்ளே பிறந்த ஜேக்குக்குப் பணம் வேண்டாம். வெளியிலிருந்து வருபவன் பையோடுதான் வந்தாக வேண்டும். வந்தபின் அந்தப் பைக்காகவே கேலியும் கேட்க வேண்டும். தொடர் இதை அறிந்து எழுதியதா என்றால், பாதி அறிந்து எழுதியது என்பேன். மீதிப் பாதியில் நோக்கின் அகன்ற காதுகளைப் பார்த்து நம்மைச் சிரிக்க வைக்கிறது.

மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஆனா அப்பா, ஜேக்கிட்ட நிஜமாவே எதுவும் இல்லையே, அவன் வேற யார்கிட்ட கேப்பான்?" என்றாள். அவள் இங்கே பிறந்தவள். அடுத்த அத்தியாயத்தைப் போட்டேன்.