தேவதைக்கு உறக்கம் வேண்டாமோ?

'வைரஸ்' என்னும் மலையாளத் திரைப்படத்தைக் கண்டோம். கண் கலங்கினோம்; கை தட்டினோம். கை ஓய்ந்தது, கருத்து ஓயவில்லை. ஓயாத அந்தக் கருத்தைத்தான் ஈண்டு எழுதுகிறோம்.

2018ஆம் ஆண்டு மே திங்களில் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பகுதியில் நிப்பா என்னும் கொடுநோய் புகுந்தது. 17 உயிர்களை வாரிச் சென்றது. நோய் கண்டு பிழைத்தவர் இருவரே. அவருள் ஒருவர் செவிலியர் பயிற்சி பெற்றுவந்த மாணவி. நோயாளியைப் பேணிய பேராம்பிரா தாலுகா மருத்துவமனைச் செவிலியர் லினி, அந்நோய்க்கே ஆளாகி மே 21இல் மாண்டார். உடல் வீட்டுக்கும் கொண்டுசெல்லப்படவில்லை. இந்நிகழ்ச்சிகளை அடிப்படையாகக் கொண்டு ஆஷிக் அபு இயக்கிய படம் 2019இல் வெளிவந்தது. லினியை நினைவூட்டும் அகிலா என்னும் செவிலியராக ரீமா கல்லிங்கல் நடித்தார்.

குறை கூறுமுன் நிறை கூறுவோம். இப்படத்தில் தனியொரு வீரன் இல்லை. அமைச்சரும் மாவட்ட ஆட்சியரும் மருத்துவரும் கடைநிலை ஊழியரும் தத்தம் பங்கைச் செய்கின்றனர். நோய் யாரிடமிருந்து யாருக்குத் தாவியது, எங்கே, எந்த நாளில் என்று இளம் மருத்துவர் ஒருவர் துருவித் துருவி ஆராய்கிறார். அச்சத்தை அறிவு வெல்லும் காட்சி அது! காரணம் தேடும் கலைப்படைப்பு எந்நாளும் நம் பாராட்டுக்குரியது.

ஆனால் செவிலியர் கதை? அது சாவோடு முடிந்துவிடுகிறது. அவர் மறைந்தபின் படம் நோயின் தடத்தைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது. முதல் நோயாளியையும் வௌவாலையும் காட்டி நிறைவுறுகிறது. கிருமி எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள், விடையும் கண்டார்கள். மறுநாட்காலை அதே மருத்துவமனைக்குள் பணிக்கு நுழைந்தாரே இன்னொரு செவிலியர், அவருடைய நெஞ்சில் புகுந்த அச்சம் எங்கே போயிற்று? அக்கேள்வியைப் படம் நின்று கேட்கவில்லை.

பேராம்பிராவில் அந்நாட்களில் நடந்தது என்ன? பேருந்தில் செவிலியர் அருகே அமர மக்கள் அஞ்சினர். ஆட்டோ ஓட்டுவோர் அவர்களை ஏற்ற மறுத்தனர். செய்தித்தாள்கள் அப்போதே எழுதிய செய்தி இது. மேடையிலே 'தேவதை' என்பது, தெருவிலே தீண்ட மறுப்பது! இரண்டும் ஒரே ஊரில், ஒரே வாரத்தில்! இந்த முரண்பாட்டைவிடப் பெரிய நாடகம் எழுத்தாளனுக்கு வேறு எது வேண்டும்?

'தேவதை' என்னும் சொல்லையே சற்று உரசிப் பார்ப்போம். தேவதைக்குப் பசியில்லை, ஆகவே ஊதிய உயர்வு வேண்டியதில்லை. தேவதைக்குக் களைப்பில்லை, ஆகவே ஓய்வு நாள் வேண்டியதில்லை. தேவதை அஞ்சாது, அழாது, உறங்காது, ஆகவே, "அம்மா, உன் மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்பாரும் வேண்டியதில்லை. பெண்ணைப் பீடத்தில் ஏற்றிவிட்டு அவள் உரிமையைப் பறிப்பது நம் நாட்டுப் பழைய தந்திரம். செவிலியரைத் தேவதையாக்குவதும் அதன் புதிய பதிப்பே!

லினி தம் கணவருக்கு எழுதிய கடைசி வரிகளில் தேவதையின் பேச்சு இல்லை. இனிப் பார்க்க இயலாது என்ற துயரம் இருந்தது; பிள்ளைகளைப் பேணுமாறு வேண்டுகோள் இருந்தது. மனிதத் தாயின் மனம் அது. ஏடுகள் அதைத் 'தியாகம்' என்று கொட்டை எழுத்தில் போட்டன. அதிலிருந்த அச்சத்தையும் தனிமையையும் எடுத்தெழுதியவர் சிலரே.

இக்குறை இன்று தோன்றியதன்று. 1854இல் 38 செவிலியரோடு ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்றார் பிளாரன்சு நைட்டிங்கேல். அங்கே குண்டடியால் மாண்டவரினும் நோயால் மாண்டவரே மிகுதி. 1856இல் நாடு திரும்பியவர் நோயுற்றார்; பல்லாண்டுகள் அறையை விட்டு அதிகம் வெளிவராமல், படுக்கையிலிருந்தபடியே புள்ளிவிவரங்களும் நூல்களும் எழுதினார். அவர் கையிலிருந்த விளக்கை வரைந்த ஓவியர் பலர். அவர் கிடந்த படுக்கையை வரைந்தவர் எத்தனை பேர்?

மனத்தின் புண் உடனே தெரிவதில்லை. 2003இல் கனடாவின் டொராண்டோ நகரில் சார்ஸ் நோய் பரவியது. ஓராண்டுக்கு மேல் கழிந்தபின் ஆராய்ந்தபோதும், அந்நோயாளிகளைப் பேணிய மருத்துவமனைகளின் ஊழியரிடம் மனச்சோர்வும் துயரும் ஏனையோரைவிட மிகுந்திருக்கக் கண்டனர். போதிய பயிற்சியும் பாதுகாப்பும் ஆதரவும் கிடைத்தன என்று உணர்ந்தவரிடம் அத்துயர் குறைந்திருந்தது என்பதையும் கண்டனர். ஆக, இது ஊழ்வினையன்று, தடுக்கக்கூடியது!

அவ்வாறிருக்க, கொரோனா வந்தபோது நம் நாடு செய்தது என்ன? 2020 மார்ச் 22இல் கை தட்டினோம், தட்டு தட்டினோம். மே 3இல் விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள் மீது மலர் தூவின. மலர் மணத்தது, மறுக்கவில்லை. ஆனால் உறவினர் அருகில் வர இயலாத நோயாளிக்கு மகளாகவும் தாயாகவும் நின்று, கண் மூடும்வரை கைபிடித்திருந்த செவிலியர், பாதுகாப்பு உடையைக் களைந்தபின் எங்கே சென்று அழுவார்? வீட்டில் அழுதால் பிள்ளை அஞ்சும். பணியிடத்தில் அழுதால் 'திடமில்லாதவள்' என்பர். மனநல மருத்துவரை நாடினால் 'பைத்தியம்' என்று பட்டம் சூட்டும் ஊர்! ஒப்பந்தப் பணியாளராயின், வாய் திறந்தால் வேலையே போய்விடுமோ என்ற அச்சம் வேறு.

மலர் வேண்டாம் என்கிறோமா? இல்லை. மலரோடு முறையான ஓய்வு வேண்டும் என்கிறோம். நோயாளிகளின் எண்ணிக்கைக்கேற்ற செவிலியர் வேண்டும். நிலையான பணி வேண்டும். பெயர் வெளிவராமல் மனம் திறந்து பேச ஓர் அறையும், அங்கே கேட்பதற்கு ஒருவரும் வேண்டும். நோய் நீங்கிய பின்னும் ஓராண்டு, ஈராண்டு அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும்.

எழுத்தாளர்க்கும் இயக்குநர்க்கும் ஒரு சொல். இறந்த செவிலியரைப் பாடினீர்கள், நன்று. இனி, பிழைத்து வீடு திரும்பியவரை எழுதுங்கள். நோய் ஒழிந்தது என்று ஊர் விழா எடுக்கும் இரவில், விளக்கணைத்துப் படுத்தும் உறக்கம் வராமல் கூரையைப் பார்த்துக் கிடக்கிறாரே, அவரை எழுதுங்கள். அவர் தேவதை அல்லர், மனிதர். அந்த ஒரு சொல்லே அவருக்கு நாம் செலுத்தக்கூடிய முதல் மரியாதை!