பழைய ஆவணங்களுக்குக் காமாக் கதிர்வீச்சு: பயனும் விலையும்

பூச்சியும் பூஞ்சணமும் தாக்கிய காகித ஆவணங்களைத் தூய்மைப்படுத்தக் காமாக் கதிர்வீச்சு சில நாடுகளின் காப்பகங்களில் பயன்படுகிறது. கோபால்ட்-60 வெளியிடும் கதிர்கள் பூச்சி, பூஞ்சணம் ஆகியவற்றின் டி.என்.ஏ.வைச் சிதைத்து, அவை பெருகாமல் தடுக்கின்றன. பூச்சிகளை ஒழிக்க ஏறத்தாழ 1 கிலோகிரே (பொருள் உட்கவரும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு போதும். பூஞ்சணத்துக்கு அதைவிடப் பல மடங்கு, வழக்கமாக 10 கிலோகிரேவுக்கு உட்பட்ட அளவு, தேவைப்படும்.

இம்முறையின் தலையாய வலிமை ஊடுருவும் திறன். கட்டுகளைப் பிரிக்காமல், பெட்டிகளைத் திறக்காமல் ஆயிரக்கணக்கான கோப்புகளைக் குறுகிய காலத்தில் தூய்மையாக்கலாம். வெள்ளத்தில் நனைந்து பூஞ்சணம் படர்ந்த காப்பகத்துக்கு இந்த வேகம் பெரிய உதவி. முன்பு பரவலாக வழங்கிய எத்திலீன் ஆக்சைடு எளிதில் தீப்பற்றும், புற்றுநோயும் உண்டாக்கும், காகிதத்தில் தங்கிப் பின்னர் மெல்லக் கசியும். காமாக் கதிர்களோ எந்த எச்சத்தையும் விடுவதில்லை. அவற்றின் ஆற்றல் அணுக்கருவை மாற்றப் போதாது என்பதால், ஆவணம் கதிரியக்கம் பெறும் என்ற அச்சத்துக்கும் இடமில்லை. 1977இல் பிரான்சில் இரண்டாம் ராமேசஸ் மன்னனின் மம்மியைத் தாக்கிய பூஞ்சணம் இம்முறையில்தான் ஒழிக்கப்பட்டது.

ஆனால் பூஞ்சணத்தை அழிக்கும் கதிர் காகிதத்தையும் விட்டுவைப்பதில்லை. அது செல்லுலோஸின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை வெட்டுகிறது; ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுகிறது. அளவு கூடக்கூடக் காகிதம் வலுவிழந்து மஞ்சளாகிறது. 2001இல் ஆந்த்ராக்ஸ் கலந்த கடிதங்கள் வந்தபின் அமெரிக்க அரசு அலுவலகங்களுக்கான அஞ்சல்கள் மின்னணுக் கற்றையால் கதிரூட்டப்பட்டன. காப்பகங்களில் கையாளும் அளவைவிட மிகுதியான அந்த வீச்சில் தாள்கள் நிறம் மாறி நொறுங்கும் நிலையை எட்டின. குறைந்த அளவிலும் சேதம் முற்றிலும் இல்லாமல் போவதில்லை. ஒவ்வொரு முறை கதிரூட்டும்போதும் புதிய சேதம் முந்தைய சேதத்தோடு சேர்கிறது. தடித்த அடுக்கின் நடுப்பகுதிக்குத் தேவையான அளவு சென்றடைவதற்குள் வெளிப்பக்கத் தாள்கள் கூடுதலாகப் பெற்றுவிடுகின்றன. அமிலம் ஏறி ஏற்கெனவே நலிந்த காகிதத்துக்கு இந்த ஏற்றத்தாழ்வு ஆபத்தானது.

இன்னொரு குறை, சிகிச்சைக்குப்பின் காப்பு எதுவும் எஞ்சாதது. ஈரமான அறைக்குத் திரும்பிய ஆவணத்தில் பூஞ்சணம் மீண்டும் முளைக்கும். கறைகள் மறைவதில்லை, செத்த வித்துகளும் ஒவ்வாமை தரும் என்பதால் அவற்றைத் துடைத்தெடுக்கும் வேலை மிஞ்சுகிறது. எனவே இதைப் பாதுகாப்பு முறை என்பதைவிடத் தொற்றுநீக்கம் என்பதே பொருந்தும்.

பூச்சித் தொல்லை மட்டும் இருந்தால் கடுங்குளிரில் உறையவைப்பதே போதும். அங்கே கதிர்வீச்சு தேவையற்ற சேதம். ஆட்களைக் கொண்டு தாள் தாளாகத் துடைக்க முடியாத அளவுக்குப் பூஞ்சணம் பரவிய பெருந்தொகுதிகளில்தான் அதன் நன்மை தீமையை விஞ்சுகிறது. அப்போதும் பலன் தரும் மிகக் குறைந்த அளவை ஒருமுறை மட்டும் செலுத்தி, அந்த அளவைக் கோப்பிலேயே பதிந்துவைக்க வேண்டும். பின்னர் காப்பறையின் ஈரப்பதத்தை 60 விழுக்காட்டுக்குக் கீழே வைத்திருந்தால்தான் ஒருமுறை என்பது ஒருமுறையாகவே நிற்கும்.