யாருடைய வாரிசு?

அஸீஸா முஸ்தஃபா ஸாதே பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய தந்தையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். பாகு நகரின் பியானோ கலைஞர் வாகிஃப், அஜர்பைஜானின் மரபிசையான முஹாமை ஜாஸோடு இணைத்தவர். 1979இல், 39 வயதில் அவர் இறந்தபோது, மகளுக்குப் பத்து வயது நிறையச் சில நாட்களே இருந்தன. பின்னாளில் அந்த மகளுக்கு 'ஜாஸின் இளவரசி' என்று பட்டம் சூட்டினார்கள். இளவரசி என்றாலே அரசர் ஒருவர் வேண்டுமல்லவா?

வாகிஃபின் மேதைமையை நான் மறுக்கவில்லை. ஆனால், குடும்பச் சொத்தைப் போலவே குடும்ப இசையும் தந்தைவழியில்தான் கைமாறும் என்று சொல்லும் பழக்கத்தை நாம் கேள்வி கேட்க வேண்டும். வாகிஃபுக்குப் பியானோ கற்றுத் தந்தவர் இசைப்பள்ளி ஆசிரியையான அவருடைய தாய் ஸிவர். வாகிஃப் இறந்தபின் தன் பாடகி வாழ்வைக் கைவிட்டு மகளின் இசைக்குத் துணை நின்றவர் ஜார்ஜியாவில் பிறந்த எலிஸா. ஒருவர் கற்பித்தார், மற்றவர் விட்டுக்கொடுத்தார். இரண்டையும் 'தாய்மை' என்ற ஒரே சொல்லுக்குள் மடித்துவைத்துவிடுகிறோம். இசை வரலாற்றில் அவை உழைப்பாகப் பதிவாவதில்லை.

1991இல் வந்த அஸீஸாவின் முதல் இசைத்தொகுப்பைக் கேளுங்கள். பியானோவும் குரலும் மட்டும்தான். முஹாமின் நுண்ணிய சுர அசைவுகள் எல்லாம் பியானோ கட்டைகளில் அகப்படுவதில்லை. கட்டைகளுக்கு நடுவே விடுபடுவதை அவர் குரல் எடுத்துக்கொள்கிறது. சொற்களற்ற ஜாஸ் பாடல்முறையும் முஹாமின் குழைவும் ஒரே மூச்சில் வருகின்றன. 1995இல் வந்த 'டான்ஸ் ஆஃப் ஃபயர்' தொகுப்பில் அல் டி மியோலா, ஸ்டான்லி கிளார்க் போன்ற புகழ்பெற்ற ஆண் கலைஞர்கள் உடன் வாசிக்கிறார்கள். விரல் வேகம் வியக்கவைக்கிறது; ஆனால், அந்தக் குரல் உலவுவதற்கான இடம் குறைந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

அந்தக் குரலுக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. 1908இல் பாகுவில் 'லெய்லி – மஜ்னூன்' என்ற முஹாம் ஓபரா அரங்கேறியபோது, லெய்லியாகப் பாடியவர் ஓர் ஆண். பெண் மேடையேறுவதைச் சமூகம் ஏற்காத காலம் அது. பியானோ தந்தையிடமிருந்து வந்தது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு பெண் தன் சொந்தக் குரலில் மேடையில் முஹாம் பாடும் உரிமை எந்தத் தந்தையும் எழுதிவைத்த சொத்தல்ல. ஏச்சையும் எதிர்ப்பையும் தாண்டிப் பெண்கள் ஈட்டியது. அஸீஸா அவர்களுக்கும் வாரிசு. இனி அவரைப் பற்றி எழுதும்போது அந்தப் பெண்களிடமிருந்தும் தொடங்குவோம்.