மாலை ஆறு மணி முதல்வர்

கேரளத்தில் கொரோனாவுக்கு முதலில் பலியானவர் கொச்சி மட்டாஞ்சேரிக்காரர் ஒருவர். துபாயிலிருந்து ஊர் திரும்பிய 69 வயது முதியவர். 2020 மார்ச் 28 அன்று களமசேரி அரசு மருத்துவக் கல்லூரியில் இறந்தார். மட்டாஞ்சேரியைத் தெரிந்தவர்களுக்கு அந்தச் செய்தி கிளப்பிய கலக்கம் புரியும். மிளகும் சுக்கும் அடைந்த பழைய கிடங்குகள், அவற்றுக்குப் பின்னால் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், கொங்கணியும் குஜராத்தியும் தமிழும் மலையாளமும் ஒரே சந்துக்குள் புழங்கும் நெரிசல். அங்கே தள்ளி நில்லுங்கள் என்பது நடக்கிற காரியமே இல்லை. வதந்தி பரவ வைரஸுக்கு ஆகும் நேரம்கூட ஆகாது. அந்த வாரங்களில் வதந்தியை ஓரளவாவது கட்டிப்போட்டது ஒரு வழக்கம்தான். மாலை ஆறு மணிக்கு முதல்வர் பினராயி விஜயன் தொலைக்காட்சியில் வந்து உட்காருவார், அன்றைய கணக்கைச் சொல்வார், பிறகு கேள்விகளுக்குப் பதில் சொல்வார்.

அந்த ஆறு மணிச் சந்திப்பு ஒரு தரப்புக்கு ஆட்சித் திறனின் உச்சம். மறு தரப்புக்கு அது அரசுச் செலவில் நடந்த தேர்தல் பிரசாரம். இரண்டிலும் உண்மை உண்டு என்று சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்லை. அந்த வழக்கம் நல்லது என்றே நினைக்கிறேன். அது கைவிட்ட இடமும் தூரத்தில் எங்கோ இல்லை, கொச்சியின் குப்பைக் கிடங்கான பிரம்மபுரத்தில் இருக்கிறது.

முதலில் ஒரு விந்தையைச் சொல்ல வேண்டும். 2017 ஜூலை கடைசியில், திருவனந்தபுரத்தில் நடந்த ஒரு சமாதானப் பேச்சுக் கூட்டத்தின் அறைக்குள் நின்றிருந்த செய்தியாளர்களைப் பார்த்து ‘கடக்கு புறத்து’ என்று சொல்லி வெளியே அனுப்பியவர் இதே முதல்வர்தான். நாலு மாதம் கழித்து ஒக்கிப் புயல் வந்தது. புயல் அடித்தது நவம்பர் 30. முதல்வர் விழிஞ்ஞம் கரைக்குப் போனது டிசம்பர் 3. கடலுக்குப் போன ஆண்கள் எங்கே என்று தெரியாத குடும்பங்கள் அவரைச் சூழ்ந்துகொண்டன. தம் காரை நெருங்க முடியாமல் இன்னோர் அமைச்சரின் காரில் ஏறித் திரும்ப வேண்டியதாயிற்று. எல்லைக்குத் தெற்கே கன்னியாகுமரி மாவட்டத்துக் கடலோர மக்களும் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு மாநிலத்திலும் மக்கள் கேட்டது ஒன்றே: எங்கள் ஆட்களைத் தேட யார் போயிருக்கிறார்கள், எத்தனை பேர் இன்னும் வரவில்லை? அந்த எண்ணிக்கைகூட யாரிடமும் சரியாக இல்லை. ஆறு மணி வழக்கத்தின் வித்து விழிஞ்ஞத்தில் பட்ட அவமானத்தில் இருக்கிறது என்பது என் ஊகம்.

ஏனென்றால் அடுத்த ஆண்டு ஆகஸ்டு வெள்ளத்தில் நாம் பார்த்தவர் வேறொரு முதல்வர். பெரியாறு ஆலுவாவையும் வடக்குப் பறவூரையும் விழுங்கியது. நெடும்பாசேரி விமான நிலையம் ஆகஸ்டு 15 முதல் 29 வரை மூடிக் கிடந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் முகாம்களில் இருந்தார்கள். அவர் தினமும் வந்தார். குரலை உயர்த்தவில்லை, அழவில்லை, யாரையும் கைகூப்பச் சொல்லவில்லை. எத்தனை முகாம், எத்தனை படகு, எந்த அணையில் எவ்வளவு நீர் என்று ஒரு கணக்குப்பிள்ளையின் சுரத்தில் படித்தார். 2020இல் அதே சுரம் திரும்பி வந்தது: மாவட்ட வாரியாக நோயாளிகள், தனிமையில் இருப்பவர்கள், சமூகச் சமையலறைகள், ரேஷன் கடையில் உணவுப்பொருள் கிட் எந்தத் தேதியில் எந்த அட்டைக்கு. தெருநாய்களுக்கும் கோயில் குரங்குகளுக்கும் யாராவது சோறு வைக்க வேண்டும் என்றுகூட ஒரு மாலை சொன்னார்.

இதன் பலத்தைப் பலரும் ‘ஆறுதல்’ என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. பதற்றத்தில் இருக்கிறவர்களுக்கு அடுத்த தகவல் எப்போது வரும் என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் அடங்கிவிடும். அதோடு, அந்த ஒரு மணி நேரம் மக்களுக்கு மட்டுமான செய்தி இல்லை. அது கீழே உள்ள அதிகாரிகளுக்கும் போட்ட உத்தரவு. முதல்வர் முந்தின மாலை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்ட ஒன்றுக்கு மறுநாள் காலை வில்லேஜ் ஆபீஸில் ‘இன்னும் ஆர்டர் வரவில்லை’ என்று கைவிரிக்க முடியாது. அரசு இயந்திரத்தைப் பேச்சால் முடுக்கும் இந்த உத்தி, எந்தச் சுற்றறிக்கையையும்விட வேகமாக வேலை செய்தது.

ஆனால் நாள் ஆக ஆக அந்த ஒரு மணி நேரத்துக்குள் வேறு சரக்குகளும் ஏறின. நிவாரண நிதிக்கு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற பட்டியல் நீண்டது. எதிர்க்கட்சிக்கு மறுப்பு நீண்டது. நோயாளிகளின் விவரங்களை ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் ஒப்படைத்த விவகாரம் 2020 ஏப்ரலில் வெடித்தபோது, சந்திப்பு சில நாள் நின்று பிறகுதான் தொடர்ந்தது. ஜூலையில் தூதரகப் பார்சலில் தங்கம் பிடிபட்டது. அந்த விவகாரத்தில் முதல்வரின் முதன்மைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அதற்குப் பிறகு நோய்க் கணக்குக்கும் கேள்விக்கும் சம்பந்தமே இல்லாமல் போயிற்று. 2021 மே 2 அன்று இடதுசாரி முன்னணி 140இல் 99 இடங்களை வென்றது. நாற்பது ஆண்டுகளாகக் கேரளம் எந்த அணிக்கும் தராத தொடர்ச்சி அது. கட்சிக்காரர்கள் அவரைக் ‘கேப்டன்’ என்றார்கள். வென்ற கையோடு, உலகமே பாராட்டிய சுகாதார அமைச்சர் ஷைலஜா டீச்சருக்கு அமைச்சரவையில் இடமில்லை என்றார்கள். புதியவர்களுக்கு வாய்ப்பு என்பது கட்சி சொன்ன காரணம். இந்த மாதிரியான தலைமையில் இரண்டாவது குரலுக்கு இடம் குறைவு என்று ஊர் புரிந்துகொண்டது.

இரண்டாவது குரலின் மதிப்பு என்ன என்பதைச் செங்ஙன்னூரில் பார்த்திருக்கிறோம். 2018 வெள்ளத்தில் அந்தத் தொகுதியின் ஆளுங்கட்சி எம்எல்ஏ சஜி செறியான், தொலைக்காட்சி நேரலையில் உடைந்து அழுதபடி ஹெலிகாப்டர் கேட்டார், ஆயிரக்கணக்கில் செத்துப்போவார்கள் என்றார். அவர் பயந்த எண்ணிக்கை மிகை, பயம் மிகையில்லை. மாலைக் கணக்கில் ஒரு வரியாக இருந்த ஊர் அந்த அழுகைக்குப் பிறகுதான் எல்லார் கண்ணிலும் பட்டது. மாத இறுதியில் வெள்ளத்தைப் பற்றிப் பேசவே கூடிய சிறப்புச் சட்டசபைக் கூட்டத்தில் கட்சியின் பேச்சாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை.

கணக்கைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொரோனா மரணங்களில் எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று அரசு ஓர் அளவுகோல் வைத்திருந்தது. ஒரு மருத்துவரும் சில தன்னார்வலர்களும் நாளிதழ்களின் மரண அறிவிப்புகளைத் தொகுத்து, விடுபட்டவை ஏராளம் என்று 2020லேயே காட்டினார்கள். உச்ச நீதிமன்றத்தின் வழிகாட்டலுக்குப் பிறகு 2021 அக்டோபர் முதல் பழைய மரணங்கள் பட்டியலில் ஏறிக்கொண்டே இருந்தன; இறுதி எண்ணிக்கை 70,000ஐத் தாண்டியது. பல மாநிலங்கள் இந்த அளவுக்குத் திருத்தவே இல்லை என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கதையும் இதுதான்: அப்போதைய நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ தினசரிச் சந்திப்புகளுக்காக 2020இல் சர்வதேச எம்மி விருதே வாங்கினார். முதியோர் இல்ல மரணங்களை அவர் அரசு குறைத்துக் காட்டியது பின்னால் வெளிவந்தது; பாலியல் புகார்களில் பதவி விலகிய பிறகு விருதும் பறிபோனது. நிதானமான குரல் கணக்குச் சரியாக இருப்பதற்குச் சாட்சி ஆகாது.

இனி பிரம்மபுரம். 2023 மார்ச் 2 பிற்பகல், கொச்சி மாநகராட்சியின் 110 ஏக்கர் குப்பைக் கிடங்கில் தீப்பிடித்தது. பிளாஸ்டிக் மலைகளின் அடிவயிற்றில் கனன்ற தீ. மேலே தண்ணீர் அடித்தால் கீழே எரியும்; மண்வாரி எந்திரங்களால் கிளறிக் கிளறி நனைத்து, பன்னிரண்டு நாள் போல ஆயிற்று அணைய. நகரத்தின் மேல் புகை மூடியது. சிறு வகுப்புகளுக்குப் பள்ளி விடுமுறை, வெளியே வந்தால் என்95 முகக்கவசம், முதியவர்கள் வீட்டுக்குள். குப்பை எடுப்பது தடைபட்டுத் தெருக்களில் மூட்டைகள் குவிந்தன. உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்துக்கொண்டது. தீயின் நடுவிலேயே மாவட்ட ஆட்சியர் மாற்றப்பட்டார். அமைச்சர்கள் வந்து போனார்கள். ஆறு மணி ஆனது, யாரும் வரவில்லை.

முதல்வர் விரிவாகப் பேசியது மார்ச் 15 அன்று, தீ அணைந்த பிறகு, சட்டசபையில், விதி 300இன் கீழ். அந்த விதியில் அறிக்கை படிக்கலாம்; உறுப்பினர்கள் குறுக்குக் கேள்வி கேட்க வழியில்லை. விஜிலன்ஸ் விசாரணை, சிறப்புப் புலனாய்வுக் குழு என்று அறிவித்தார். அறிவிப்புகளில் குறையில்லை. ஆனால் கொச்சிக்காரர்கள் அந்தப் பன்னிரண்டு நாளும் கேட்டவை 2020இல் கேட்ட அதே கேள்விகள்: இந்தக் காற்றில் என்ன இருக்கிறது, குழந்தையை எங்கே அனுப்புவது, எப்போது முடியும்? பதில் சொல்லப் பழகிய ஒருவர் இருந்தார். அவரை எதிர்பார்க்க ஊரைப் பழக்கியவரும் அவரேதான்.

வித்தியாசம் எங்கே என்பது தெளிவு. மழையும் வைரஸும் வெளியிலிருந்து வந்தவை. அரசு மீட்பராக நிற்கலாம். குப்பைத் தீ கோப்புகளிலிருந்து வந்தது: ஆண்டுக்கணக்காகப் பிரிக்காமல் கொட்டிய குப்பை, பழைய குவியலை அகற்ற யாருக்கு ஒப்பந்தம் போனது, வேலை எவ்வளவு நடந்தது. 2020இல் கொச்சி மாநகராட்சி காங்கிரஸ் அணியின் கையில் இருந்தது. 2023இல் மேயரும் முதல்வரும் ஒரே கட்சி. முந்தைய நிர்வாகத்தின் மேல் பழி போட்டார்கள், அதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. ஆனால் அதைக்கூட மைக் முன்னால் வந்து, கேள்விக்கு நின்று சொல்லவில்லை. பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தபோது, அந்தத் தொகையே அரசின் மௌனத்தைவிடத் தெளிவாகப் பேசியது.

தற்செயலாக, புகை சூழ்ந்த அந்த வாரத்தில், மார்ச் 10 அன்று, ராஜீவ் ரவி இயக்கிய ‘துறமுகம்’ படம் திரைக்கு வந்தது. மட்டாஞ்சேரித் துறைமுகத் தொழிலாளர்கள் சாப்பா முறைக்கு எதிராகப் போராடி, 1953 செப்டம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு ஆளான கதை அது. சாப்பா என்பது வேலைக்கான டோக்கன். கூட்டத்தின் மேல் விட்டெறிவார்கள்; அடித்துப் பிடித்துப் பொறுக்கியவனுக்கு அன்றைக்குக் கூலி. ஆறு மணித் தகவலும் ஒருவகையில் சாப்பாதான். கொடுக்கிறவருக்குத் தோன்றுகிற நாளில் விழும், தோன்றாத நாளில் விழாது. அந்த ஊரின் தாத்தாக்கள் கேட்டது டோக்கனை அன்பாக எறியச் சொல்லி இல்லையே.

தமிழ்நாடு இதற்கு நேர் எதிர்த் திசையில் தவறியது. 2015 நவம்பர் மழையில் ஆர்.கே. நகருக்குப் போன ஜெயலலிதா, வண்டிக்குள் இருந்தபடியே ‘வாக்காளப் பெருமக்களே’ என்று தொடங்கியதை இன்னும் யாரும் மறக்கவில்லை. கேள்விக்கு அங்கே பேச்சே இல்லை. ஆனால் 2020இல் சென்னையில் மாலைக் கணக்கைப் பெரும்பாலும் சுகாதாரச் செயலாளர் பீலா ராஜேஷ் சொன்னார். அது நல்ல ஏற்பாடு: தொழில் தெரிந்த அதிகாரி, ஓட்டுக் கேட்காத வாய். அரசியல் பதில்கள் அவரிடம் இல்லாதது அதன் குறை. ஜூன் மாதம் எண்ணிக்கை ஏறியபோது அவரே மாற்றப்பட்டார்.

என்னைக் கேட்டால், கணக்கை அதிகாரி சொல்லட்டும், முடிவுக்கான காரணத்தை முதல்வர் சொல்லட்டும், என் தெருவில் என்ன நடக்கிறது என்பதை மேயர் சொல்லட்டும். மூவரும் நெருக்கடி அறிவித்த நாளிலிருந்து அது முடியும்வரை கேள்விக்கு நிற்பது, தலைவரின் மனநிலையைப் பொறுத்ததாக இல்லாமல், பேரிடர் மேலாண்மை விதிகளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அரசே குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நெருக்கடிக்கு அந்த விதி இரட்டிப்பாகத் தேவை.

இதிலும் அடங்காத ஒன்று கடலோரச் செல்லானம். மட்டாஞ்சேரியும் அதுவும் ஒரே சட்டசபைத் தொகுதி. ஒவ்வொரு காலவர்ஷத்திலும் கடல் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. 2020 ஜூலையில் நோய்க் கட்டுப்பாட்டால் ஊரே அடைபட்டிருந்தபோதும் வந்தது. வெளியே ஓட முடியாது, உள்ளே இருக்க முடியாது. மாலைச் சந்திப்பில் செல்லானம் நோய்த் தொகுப்பாக வந்த அளவுக்குக் கடலரிப்பாக வரவில்லை. ஆண்டுக்கணக்கில் மக்கள் சத்தியாக்கிரகம் இருந்த பிறகு, 344 கோடி ரூபாயில் ஏழு கிலோமீட்டருக்குச் சற்று மேல் டெட்ராபாட் சுவர் எழுந்தது. அது நிஜமாகவே கடலைத் தடுக்கிறது. சுவர் முடிகிற புத்தன்தோட்டுக்கு வடக்கே, கண்ணமாலிப் பக்கம், பின்வந்த மழைக்காலங்களிலும் தண்ணீர் வீடுகளுக்குள் ஏறியது. அங்கே ஜூன் மாதம் சாலை மறித்தவர்கள் முதல்வரின் குரலைக் கேட்கவில்லை. அடுத்த கட்டச் சுவருக்கு எந்தத் தேதியில் கல் வரும் என்று கேட்டார்கள்.